பாக்கெட்டின் மேல் இருந்த பீட்ரூட் பாத்தியில் ஏன் விளையவில்லை?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 8 அடிக்கு 4 அடியில் ஒரு பாத்தி போட்டிருக்கிறேன். போன முறை பீட்ரூட் விதைத்தேன். ஒரு பாக்கெட் சாதாரணச் சிவப்பு, இன்னொன்று சிவப்பு, மஞ்சள், வெள்ளை எல்லாம் கலந்தது. விதைத்தது வெயில் ஏறத் தொடங்கிய நேரம். செடிகள் கொத்துக்கொத்தாக முளைத்தன. இலை செழிப்பாக வந்தது, ஆனால் பல செடிகளில் கிழங்கு கட்டைவிரல் அளவுக்குக்கூடத் திரளவில்லை. திரண்டதை நறுக்கினால் உள்ளே வெள்ளை வளையம். மஞ்சள் ஐந்தாறு செடிதான் முளைத்தது. சமைத்துக் கொடுத்தால் மண்வாசனை அடிக்கிறது என்று பிள்ளைகள் ஒதுக்கிவிட்டார்கள். இந்த முறை எந்த ரகம் வாங்கட்டும்? ஹைபிரிட் வாங்கினால்தான் நன்றாக வருமா? நானே விதை எடுத்து வைக்க முடியுமா? கேரட், வெங்காயம், தக்காளிக்கும் விதை வாங்க வேண்டும். பாதிப் பாதியாக மிச்சமிருக்கும் பழைய பாக்கெட்டுகளை என்ன செய்வது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

என்ன நடந்தது என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. 'பீட்ரூட் சரியாக வரவில்லை, நல்ல ரகம் சொல்லுங்கள்' என்று ஒரே வரியில் வரும் கடிதங்கள்தான் அதிகம். அதை வைத்து நான் ரகம் சொன்னால் அது குருட்டாம்போக்கில் சொல்வதாகத்தான் இருக்கும்.

நீங்கள் சொன்ன குறைகள் நான்கு. கிழங்கு திரளாதது, வெள்ளை வளையம், மஞ்சள் முளைக்காதது, மண்வாசனை. இதில் முதல் குறைக்கும் ரகத்துக்கும் கிட்டத்தட்ட சம்பந்தமே இல்லை. இரண்டாவது பாதி பருவம், பாதி ரகம். கடைசி இரண்டும் முழுக்க முழுக்க ரகத்தின் விஷயம். இதைப் பிரித்துப் பார்க்காமல் புதுப் பாக்கெட் வாங்கினால், படம் மட்டும்தான் மாறும். பாத்தியில் அதே கதைதான் நடக்கும்.

கிழங்கு திரளாததை முதலில் எடுத்துக்கொள்வோம். மிச்சமிருக்கும் பாக்கெட்டிலிருந்து ஒரு பீட்ரூட் விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். தக்கை போல எடை இல்லாமல், மேடும் பள்ளமுமாக, சின்னக் கல் மாதிரி இருக்கும். அது ஒரு விதை கிடையாது. இரண்டு, மூன்று, சிலசமயம் ஐந்து பூக்கள்கூட ஒன்றாக ஒட்டிக் காய்த்து உலர்ந்த காய்க்கொத்து. ஒவ்வொரு மேட்டுக்குள்ளும் ஒரு விதை படுத்திருக்கும். நீங்கள் ஒன்று ஊன்றினால் ஒரே இடத்திலிருந்து சிவப்புத் தண்டோடு மூன்று நாற்று கிளம்புவது அதனால்தான். அதை அப்படியே விட்டால் மூன்றும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இலை விடும், கிழங்கு வைக்க இடம் இருக்காது. நாற்று மூன்று நான்கு விரற்கடை உயரம் வந்ததும் கொத்துக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் மண்ணோடு ஒட்டி வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசைந்துவிடும். வெட்டிய பிஞ்சு இலைகளைக் கீரையாகச் சமைக்கலாம், வீணாகாது. செடிக்குச் செடி 8 முதல் 10 செ.மீ., வரிசைக்கு வரிசை ஓர் அடி இருக்கட்டும்.

நல்ல செடியை வெட்ட மனம் வராது. எனக்கும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் வரவில்லை. ஒரு வரிசையை இப்படி வெட்டிக் கலைத்துவிட்டு, அடுத்த வரிசையை அப்படியே விட்டு வளர்த்தபோதுதான் புரிந்தது. கலைத்த வரிசையில் செடிக்கு ஒரு கிழங்கு கைக்கு அடக்கமாக வந்தது. கலைக்காத வரிசையில் எலி வால் மாதிரி வேரும் முழங்கால் உயர இலையும்தான். விதை இரண்டுக்கும் ஒரே பாக்கெட்.

கலைக்கும் வேலையே வேண்டாம் என்றால் ஒற்றை விதை ரகங்கள் இருக்கின்றன. மொனெட்டா, செல்டன்ஹாம் மோனோ, சோலோ போன்றவை. ஒரு விதைக்கு ஒரு நாற்றுதான் வரும். இந்தக் குணம் தேடிக் கண்டுபிடித்த ஒன்று. 1948-ல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், சர்க்கரைப் பீட் விதைக்காகப் பயிரிட்ட வயலில், வி. எஃப். சாவிட்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர் செடி செடியாகப் பார்த்து ஒற்றை விதை வைக்கும் ஐந்தே ஐந்து செடிகளைக் கண்டெடுத்தார். அதன் பிறகுதான் சர்க்கரைப் பீட் வயல்களில் குனிந்து குனிந்து நாற்றுக் கலைக்கும் வேலை குறைந்தது. ஆனால் உங்கள் 32 சதுர அடிப் பாத்திக்கு அந்த ரகம் கட்டாயம் இல்லை. ஒரு காலைப் பொழுதில் கலைத்து முடித்துவிடலாம்.

இலை மட்டும் செழிப்பதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. தழைச்சத்து மிஞ்சிய மண், வெயில் போதாத இடம். மட்கிய எரு போட்டிருந்தால் போதும், மேற்கொண்டு யூரியா போன்றவை வேண்டாம். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழுகிறதா என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். விழவில்லை என்றால் அந்த இடத்தில் பீட்ரூட்டை விட்டுவிட்டு இலைக்காகவே வளர்க்கும் சுவிஸ் சார்டு போடுங்கள். அதுவும் பீட்ரூட்டும் ஒரே இனம்தான். ஒன்றைக் கிழங்குக்காகவும் மற்றதை இலைக்காகவும் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள்.

அடுத்து வெள்ளை வளையம். பீட்ரூட் கிழங்கு, வெட்டிய மரத்தில் தெரிவது போல வளையம் வளையமாகத்தான் வளரும். குளிர்ச்சியான, ஒரே சீரான பருவத்தில் எல்லா வளையத்திலும் நிறம் ஏறி, நறுக்கும்போது ஒன்றோடொன்று கலந்து தெரியும். வெப்பம் கூடினாலும், வெப்பமும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்தாலும், சில வளையங்களில் நிறம் சரியாக ஏறாது. 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் இந்தப் பயிர் சர்க்கரையையும் நிறத்தையும் நன்றாகச் சேர்க்கும். நீங்கள் வெயில் ஏறும் நேரத்தில் விதைத்தீர்கள், கிழங்கு திரள வேண்டிய மாதம் சூட்டில் மாட்டிக்கொண்டது. ஆகவே இந்த முறை நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். விதைத்து 55 முதல் 70 நாளில் பெரும்பாலான ரகங்கள் அறுவடைக்கு வரும். கடைசி முப்பது நாள் உங்கள் ஊரின் குளிர்ச்சியான காலத்தில் விழும்படி விதைப்பு நாளைக் குறியுங்கள்.

இதற்கு மேல் ரகத்தால் கிடைக்கும் உதவியும் உண்டு. டெட்ராய்ட் டார்க் ரெட் 1892 முதல் விற்பனையில் இருக்கும் ரகம். உருண்டை, அடர்சிவப்பு, வளையம் அவ்வளவாகத் தெரியாது, பல வகை மண்ணுக்கும் வளைந்து கொடுக்கும். ரூபி குயின் 1957-ல், புது ரகங்களை வளர்த்துப் பார்த்துக் கொடுக்கும் அனைத்து அமெரிக்கத் தேர்வு விருது பெற்றது. கிழங்குகள் ஒரே அளவில் சீராக வரும். இரண்டில் எது கையில் கிடைத்தாலும் உங்கள் முதல் வரிசைக்கு அதுவே போதும். என்னைக் கேட்டால் டெட்ராய்ட் என்பேன். நூறு வருஷத்துக்கும் மேலாக எத்தனையோ பேருடைய பிழைகளைப் பொறுத்துக்கொண்டு கிழங்கு கொடுத்த ரகம் அது.

உங்கள் ஊரில் விதைத்த பின் குளிர் கடுமையாக இறங்கும் என்றால் மட்டும் இந்தப் பதில் மாறும். பீட்ரூட் இரண்டு ஆண்டுப் பயிர். முதல் ஆண்டு கிழங்கு, குளிர் தாண்டியதும் பூ. இளம் செடி 10 டிகிரிக்குக் கீழே சில வாரங்கள் இருந்துவிட்டால், ஒரு குளிர்காலம் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, நாள் நீளும்போது பூத்தண்டு விட்டுவிடும். தண்டு எழுந்த செடியின் கிழங்கு நார் நாராகிவிடும். அப்படிப்பட்ட இடங்களில் சீக்கிரமே விதைக்க விரும்புகிறவர்கள் போல்ட்டார்டி என்ற ரகத்தைத் தேட வேண்டும். அவசரப்பட்டுப் பூக்காததுதான் அதன் பெயருக்கே காரணம்.

மஞ்சள் முளைக்காததற்கு நீங்கள் வருத்தப்பட வேண்டாம். பர்ப்பி கோல்டன் போன்ற மஞ்சள் ரகங்களுக்குச் சிவப்பைவிட முளைப்பு குறைவு. இது விதைத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், பாக்கெட்டில் மட்டும் பெரும்பாலும் எழுதியிருக்காது. நானே ஒருமுறை சிவப்புக்கு விட்ட இடைவெளியையே மஞ்சளுக்கும் விட்டு, பொக்கை வாய் மாதிரி ஒரு வரிசையை வளர்த்திருக்கிறேன். மஞ்சள் வேண்டும் என்றால் அதைத் தனிப் பாக்கெட்டாக வாங்கி, சிவப்பைப் போல இரண்டு மடங்கு நெருக்கமாக ஊன்றுங்கள். விதைக்கு முன் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக அலசுங்கள். அந்தத் தக்கை ஓட்டில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன, ஊறலில் அவை வெளியேறும். ஒரு இரவுக்கு மேல் ஊற வேண்டாம், விதை மூச்சு முட்டி அழுகும். இதைச் சிவப்புக்கும் செய்யலாம்.

கலப்புப் பாக்கெட்டை மட்டும் இனி வாங்காதீர்கள். பார்க்க அழகு, ஆனால் வேகமாக முளைக்கும் ரகம் மெதுவாக வரும் ரகத்தை மூடிவிடும். எது முளைத்தது, எது முளைக்கவில்லை என்றும் உங்களுக்குத் தெரியாது.

இனி மண்வாசனை. உங்கள் பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், அவர்கள் மூக்கு சரியாகத்தான் சொல்கிறது. முதல் மழை பெய்ததும் மண்ணிலிருந்து கிளம்புமே ஒரு வாசனை, அதற்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருள்தான் பீட்ரூட்டிலும் இருக்கிறது. ஒரு லட்சம் கோடி பங்கு தண்ணீரில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. அதனால் கிழங்கை நன்றாகக் கழுவினால் போய்விடும் என்று வெகுகாலம் நம்பினோம். ஆனால் நுண்ணுயிர் இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பீட்ரூட்டிலும் அது இருந்தது. செடி தானாகவே அதை உண்டாக்குகிறது, எவ்வளவு என்பது ரகத்துக்கு ரகம் மாறுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இர்வின் கோல்டுமேன் என்ற பயிர்ப் பெருக்க வல்லுநர் பல ஆண்டுகளாக இதைப் பார்த்து வருகிறார். பச்சையாகவே தின்னும்படி மண்வாசனை குறைந்து இனிப்பாக இருக்கும் பேட்ஜர் ஃபிளேம் என்ற ரகம் அங்கே உருவானதுதான்.

உங்கள் கலப்புப் பாக்கெட்டின் படத்தில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட கிழங்கு இருந்திருக்குமே, அது பெரும்பாலும் கியோஜா. வெனிஸ் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் கடற்கரை ஊரின் பெயர். வாங்கத் தூண்டுவது அந்த வளையம்தான். ஆனால் மண்வாசனை கூடுதலாக இருக்கும் ரகங்களில் அதுவும் ஒன்று. போதாததற்கு, வேகவைத்தால் அந்த வளையமும் மங்கிவிடும். உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். டச்ஸ்டோன் கோல்டு என்ற மஞ்சள் ரகமோ, 2015-ல் அதே அமெரிக்க விருது பெற்ற அவலாஞ்ச் என்ற வெள்ளை ரகமோ போடுங்கள், இரண்டிலும் வாசனை மென்மை. வெள்ளையில் கையில் சாயம் ஒட்டாது என்பது கூடுதல் வசதி. இன்னொன்று, ஜியோஸ்மின் தோலை ஒட்டித்தான் அதிகம். தோலைச் சற்று கனமாகச் சீவி, சமைத்ததும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பு ரகத்திலேயே பெருமளவு அடங்கும். புளிப்பு அந்தப் பொருளைச் சிதைத்துவிடும்.

கிழங்கை ஆரஞ்சுப் பழ அளவு வருவதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். பெரிதாகட்டும் என்று விட்டால் நார் ஓடும். வட்ட வட்டமாகச் சீராக நறுக்க ஆசை இருந்தால் சிலிண்ட்ரா என்ற நீள ரகம் இருக்கிறது. உருளை போல வளர்ந்து மண்ணுக்கு மேலே தலை நீட்டும். அந்தத் தலையை மண் அணைத்து மூடாவிட்டால் மேல்பகுதி முரடாகிவிடும்.

சரி, ஹைபிரிட் விஷயத்துக்கு வருகிறேன். எஃப்1 என்று போட்டிருக்கும் பாக்கெட், இரண்டு தேர்ந்த பெற்றோர் வரிசைகளைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை. எல்லாச் செடியும் ஒரே நாளில், ஒரே அளவில் வரும். வேகமும் நோய் தாங்கும் திறனும் பல நேரம் கூடுதல். சந்தைக்கு அனுப்புகிறவருக்கு அந்த ஒரே சீர் காசு. வீட்டுக்கு வளர்க்கிற உங்களுக்கு நாற்பது கிழங்கும் ஒரே வாரத்தில் வந்து நிற்பது நன்மையா? பழைய ரகத்தில் பெரியது முதலில் வரும், பிடுங்கினால் பக்கத்தில் இருப்பது இடம் கிடைத்துப் பெருக்கும், ஒரு மாதம் வரை கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். பீட்ரூட்டில் ஹைபிரிட்டுக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. தக்காளியில், அதுவும் வாடல் நோய் வந்த மண்ணில், இதே கருத்தைச் சொல்ல மாட்டேன். அங்கே பாக்கெட்டில் வி, எஃப், என் என்று ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெர்டிசிலியம் வாடல், பியூசேரியம் வாடல், வேர்முடிச்சு நூற்புழு ஆகியவற்றைத் தாங்கும் என்பதற்கான குறி அது. போன தடவை தக்காளிச் செடி பச்சையாக இருக்கும்போதே துவண்டு செத்திருந்தால் அந்த எழுத்துகள் பாக்கெட்டின் படத்தைவிட முக்கியம்.

விதை எடுத்து வைப்பதைப் பீட்ரூட்டில் தொடங்காதீர்கள். முன்பே சொன்னபடி அது பூக்கவே குளிர் தாண்ட வேண்டும். மகரந்தம் காற்றில் பறந்து கிலோமீட்டர் கணக்கில் போகும். சுவிஸ் சார்டோ சர்க்கரைப் பீட்டோ அருகில் எங்கே பூத்திருந்தாலும் கலந்துவிடும். ஒரு செடி இரண்டு செடியில் எடுத்தால் ரகமும் நலிந்துபோகும். தக்காளி, பீன்ஸ், பட்டாணி, லெட்யூஸ் இவற்றில் தொடங்குங்கள். பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடுவதால் பெரும்பாலும் தாயைப் போலவே பிள்ளை வரும். ஹைபிரிட் செடியில் எடுத்த விதை முளைக்கும், ஆனால் செடிக்குச் செடி குணம் சிதறும்.

நீங்கள் கேட்ட மற்ற காய்களில் வெங்காயத்தைப் பற்றித்தான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். மற்ற எந்தக் காயிலும் தவறான ரகம் இவ்வளவு கடுமையாகத் தண்டிக்காது. வெங்காயச் செடி பகலின் நீளத்தை அளந்துதான் காய் கட்டத் தொடங்கும். குறும்பகல் ரகங்களுக்கு 10 முதல் 12 மணி நேரப் பகல் போதும், நடுத்தர ரகங்களுக்கு 12 முதல் 14, நெடும்பகல் ரகங்களுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர் நெடும்பகல் ரகம் வாங்கினால் எவ்வளவு எரு போட்டாலும் தாள்தான் வரும், காய் வராது. அங்கே அவ்வளவு நீளமான பகலே கிடையாதே. துருவத்துப் பக்கம் இருப்பவர் குறும்பகல் ரகத்தை வசந்தத்தில் விதைத்தால் செடி வளரும் முன்பே கோலிக்குண்டு அளவில் காய் கட்டி நின்றுவிடும். உங்கள் ஊரின் மிக நீண்ட பகல் எத்தனை மணி நேரம் என்று முதலில் பாருங்கள், பிறகு விதை. பாக்கெட்டில் இந்த விவரம் இல்லாத வெங்காய விதையை நான் வாங்கமாட்டேன்.

கேரட்டுக்கு மண்ணின் ஆழமும் இறுக்கமும்தான் ரகத்தைச் சொல்லும். மண்வெட்டி ஒரு சாண் ஆழத்துக்குச் சிரமமில்லாமல் இறங்குகிறது, கல் இல்லை என்றால் நான்ட் வகை. களிமண்ணாக இறுகினால் குட்டையாகக் கூம்பி நிற்கும் சாந்தனே. அதுவும் முடியாத கல் மண்ணில் கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய உருண்டை ரகமான பாரிஸ் மார்க்கெட். படத்தில் நீளமாக மின்னும் இம்பெரேட்டர் வகை ஆழமான மணற்பாங்கு நிலத்துக்கு உரியது, புதுப் பாத்தியில் அது கிளை பிரிந்து முறுக்கிக்கொண்டுதான் வரும்.

தக்காளியில் குத்துச்செடி ரகமா, கொடி போல ஏறும் ரகமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். குத்துச்செடி ஒரே தவணையில் காய்த்து ஓயும், கொடி ரகம் பல மாதம் காய்க்கும், ஆனால் ஆள் உயரக் குச்சி வேண்டும். இங்கே ஒரு கணக்கு: தக்காளிப் பாக்கெட்டில் 70 நாள் என்று போட்டிருந்தால் அது நாற்று நட்ட நாளிலிருந்து. நாற்றங்காலில் இருக்கும் ஐந்தாறு வாரம் அதில் சேராது. பீட்ரூட், கேரட்டில் விதைத்த நாளிலிருந்தே எண்ணுவார்கள்.

உங்கள் 8 அடிப் பாத்தியில் நான் என்றால் இப்படிச் செய்வேன். நீளவாக்கில் மூன்று வரிசை. நடுவில் டெட்ராய்ட் டார்க் ரெட். ஒரு ஓரத்தில் டச்ஸ்டோன் கோல்டு அல்லது அவலாஞ்ச். மற்ற ஓரத்தில் சாந்தனே கேரட். வரிசை முனையில் ரகத்தின் பெயரும் விதைத்த தேதியும் எழுதிய குச்சி ஒன்று. மழையில் அழியாத பென்சிலால் எழுதுங்கள், பேனா மை பத்து நாளில் வெளுத்துவிடும். முதல் கிழங்கு பிடுங்கிய தேதி, நறுக்கியதும் வளையம் தெரிந்ததா, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்ற மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு ரகம் கேட்க எனக்கு எழுத வேண்டிய தேவை பாதியாகிவிடும். எழுதினாலும் மகிழ்ச்சிதான், அந்தக் குறிப்போடு எழுதுங்கள்.

பழைய பாக்கெட்டுகளில் வெங்காய விதை ஓர் ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் புதிதாக வாங்கிவிடுங்கள், அது சீக்கிரம் உயிர் விடும் விதை. கேரட் மூன்று ஆண்டு, பீட்ரூட்டும் தக்காளியும் நான்கு ஆண்டு வரை உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் தாங்கும். சந்தேகம் இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, காயாமல் பத்து நாள் வையுங்கள். கேரட்டுக்கு மட்டும் இரண்டு வாரம் கொடுங்கள். ஏழுக்கு மேல் முளைத்தால் வழக்கம்போல விதைக்கலாம். நாலைந்துதான் என்றால் இரட்டிப்பாக விதையுங்கள். அதற்கும் கீழே என்றால் அந்தப் பாக்கெட்டுக்காகப் பாத்தியில் இடம் ஒதுக்க வேண்டாம். பீட்ரூட்டைச் சோதிக்கும்போது மட்டும் முளைகளை எண்ணாதீர்கள், முளைவிட்ட கொத்துகளை எண்ணுங்கள். ஒரே கொத்திலிருந்து மூன்று முளை வந்தாலும் அது ஒன்றுதான்.